சம்மதம் – அத்தியாயம் 4: ஆளுநரைத் தூக்கு!

1859 நவம்பர். பாஸ்டன் நகரில் ஐம்பத்தோரு வயது வக்கீல் ஒருவர், வர்ஜீனியா மாநில ஆளுநரைத் தூக்கிவரத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

லைசாண்டர் ஸ்பூனர். போன வாரம் பார்த்த அதே தபால் கம்பெனிக்காரர்தான். 1844-இல் அவர் அரசாங்கத் தபாலுக்குப் போட்டியாக இறங்கினார்; வழக்குகள் கம்பெனியை மூடவைத்தன. ஆனால் மறு வருஷமே, 18¾ சென்ட்டாக இருந்த பாஸ்டன்–நியூயார்க் கட்டணத்தை அரசு 5 சென்ட்டாக இறக்கியது. (அவர் கம்பெனி லாபமுள்ள பெருநகரங்களுக்கு மட்டுமே ஓடியது. குக்கிராமத்துக் கடிதம் அரசின் தலைச்சுமை. அரசின் தலையீடே வேண்டாம் என்று அவரைக் கொண்டாடும் இன்றைய லிபர்டேரியன்கள் இந்த இடத்தில் கொஞ்சம் இருமிக்கொள்வார்கள்.)

ஸ்பூனரிடம் இருந்தது ஒரே அளவுகோல்: சம்மதம். சம்மதமில்லாமல் ஒருவரின் உடலையும் உழைப்பையும் யாரும் எடுக்கக் கூடாது, அரசும்கூட. அந்தக் கோலால் அடிமைமுறையை அளந்தபோது அவருக்குத் தயக்கமே வரவில்லை. அரசியல் சட்டமே அதை அனுமதிக்கவில்லை என்று 1845-இல் நூல் எழுதினார். அடிமையாகப் பிறந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸ் பிற்பாடு அந்த வாதத்தின் பக்கம் வந்து சேர்ந்தார்.

1858-இல் ஒரு துண்டறிக்கை: அடிமைகள் ஆயுதம் எடுக்கட்டும், வெள்ளையர் துணை நிற்கட்டும். ‘இதைப் பரப்பாதீர்கள்’ என்று கேட்டுக்கொண்டவர் யார் தெரியுமா? அடிமைமுறையை ஆயுதத்தால் ஒழிக்கக் கிளம்பிய ஜான் பிரவுன்! தன் ரகசியத் திட்டம் கெட்டுவிடும் என்ற பயம். மறு வருஷம் அக்டோபரில் பிரவுன் வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக்கிடங்கைத் தாக்கிப் பிடிபட்டார். டிசம்பர் 2 தூக்கு.

அதைத் தடுக்கத்தான் இந்தக் கடத்தல். ஜேம்ஸ் ஆற்றில் இழுவைப்படகில் ரிச்மண்ட் வரை போவது. ஆளுநர் ஹென்றி வைஸை அள்ளிக்கொண்டு கடலுக்கு வந்துவிடுவது. பிரவுனை விட்டால் வைஸை விடுவது. ஆள் கிடைத்திருக்கலாம், பணம் கிடைக்கவில்லை. குறித்த நாளில் பிரவுன் தூக்கில் தொங்கினார்.

பதினாறு மாதம் கழித்து, சம்டர் கோட்டை மேல் பீரங்கி முழங்கியது; அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. பிரிந்துபோன தென் மாநிலங்கள் வைத்த வாதம் ஸ்பூனருக்குப் பழக்கமானது: ‘இந்த ஒன்றியத்தில் இருக்க எங்களுக்குச் சம்மதமில்லை.’

அவருடைய கோல் இப்போது அடிமை எஜமானர்களின் கையில். அவர்களுடைய தோட்டங்களிலோ, யாரும் சம்மதம் கேட்டிராத சுமார் 40 லட்சம் பேர்.

ஸ்பூனர் பேனாவை எடுத்தார். யார் பக்கம்?

(அடுத்த வாரம்)