பணிநீக்க வழக்குகளில் மேல்முறையீடு: இந்திய வரலாறு

இந்தியாவில் தொழில் தகராறுகள் சட்டம், 1947-இன் கீழ் நியாயமற்ற பணிநீக்கம் குறித்து அளிக்கப்பட்ட தீர்ப்புகளை எதிர்த்து மேல்முறையீடு செய்யத் தனி அமைப்பு இருந்தது ஆறு ஆண்டுகள் மட்டுமே. அது கலைக்கப்பட்ட பின்னரும் வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. வழக்கு நீளும்போது நிறுவனம் வழக்கம்போல் இயங்கும். தொழிலாளிக்கோ வருமானம் நின்றுவிடும். இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் முயற்சிகளே இத்துறைச் சட்டத்தின் வளர்ச்சியாக அமைந்தன.

மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் (1950–1956)

1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதலில் மேல்முறையீட்டுக்கு இடமில்லை. வெவ்வேறு தீர்ப்பாயங்கள் ஒன்றுக்கொன்று முரணான தீர்ப்புகளை அளித்ததால், 1950இல் தனிச் சட்டத்தின் மூலம் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அமைக்கப்பட்டது. முக்கியமான சட்டக் கேள்விகளையும், ஊதியம், போனஸ், ஆட்குறைப்பு முதலிய சில பொருள்களையும் அது விசாரித்தது. மேல்முறையீடுகளால் தீர்வு தாமதமாகிறது என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. 1956ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அத்தீர்ப்பாயத்தை நீக்கியது.

திறந்திருந்த வழிகள்

ஆயினும் வேறு இரு வழிகள் இருந்தன. ஒன்று, அரசியலமைப்பின் 226, 227ஆம் உறுப்புகளின்படி உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கோருவது. மற்றொன்று, 136ஆம் உறுப்பின்படி உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி பெற்று மேல்முறையீடு செய்வது. இரண்டாவது வழியை உறுதிசெய்தது 1950ஆம் ஆண்டின் பாரத் வங்கி வழக்கு. ஊழியர்களின் பணிநீக்கத்திலிருந்து எழுந்த அவ்வழக்கில், தொழில் தீர்ப்பாயமும் 136ஆம் உறுப்பு கூறும் ‘தீர்ப்பாயம்’ என்பதில் அடங்கும் என ஐந்து நீதிபதிகளில் மூவர் கூறினர்.

நீதிப்பேராணை முழுமையான மேல்முறையீடு அன்று. அதில் உயர் நீதிமன்றம் சாட்சியங்களைப் பொதுவாக மறுபடி எடைபோடுவதில்லை. அதிகார மீறல், வெளிப்படையான சட்டப் பிழை, இயற்கை நீதி மீறல் ஆகியவற்றையே பார்க்கும்.

கீழ்நிலையில் கூடிய அதிகாரம்

1958இல் இந்தியன் அயர்ன் அண்டு ஸ்டீல் வழக்கில், நிர்வாகம் விதித்த பணிநீக்கத்தில் தீர்ப்பாயம் எப்போது தலையிடலாம் என உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. நல்லெண்ணமின்மை, பழிவாங்கல், இயற்கை நீதி மீறல், ஆதாரமற்ற முடிவு போன்ற காரணங்கள் இருந்தால் மட்டுமே அது தலையிட முடிந்தது. குற்றத்துக்குத் தண்டனை மிகையா என்று பொதுவாக ஆராய முடியவில்லை.

தனியொருவரின் பணிநீக்கம் தொழில் தகராறாக ஏற்கப்பட, சங்கமோ சக தொழிலாளர்களோ அவருக்குத் துணைநிற்க வேண்டியிருந்தது. 1965இல் சேர்க்கப்பட்ட 2ஏ பிரிவு இந்தத் தேவையை நீக்கியது. 1971 டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த 11ஏ பிரிவு, பணிநீக்கத்தை ரத்து செய்யவும் அதற்குப் பதிலாகக் குறைந்த தண்டனை விதிக்கவும் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்தது. நிர்வாகத்தின் உள்விசாரணைச் சாட்சியங்களை மறுமதிப்பீடு செய்து வேறு முடிவுக்கும் வரலாம் என 1973ஆம் ஆண்டு ஃபயர்ஸ்டோன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

சமரசம் தோற்றபின், அரசு தகராறை அனுப்பிவைக்கும் வரை காத்திராமல் தொழிலாளியே நேரடியாகத் தொழிலாளர் நீதிமன்றத்தை அணுகும் உரிமையைத் தமிழ்நாடு 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வழங்கியது. நேரடியாக அணுகும் உரிமை நாடு முழுவதற்கும் 2010இல்தான் வந்தது.

17பி பிரிவு

மீண்டும் பணியில் சேர்க்கும்படி தீர்ப்புப் பெற்றவரும், நிர்வாகம் மேல் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றால் வேலையின்றிக் காத்திருக்க நேர்ந்தது. 1984இல் நடைமுறைக்கு வந்த 17பி பிரிவு இதற்குத் தீர்வு தேடியது. உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ வழக்கு நிலுவையில் உள்ள காலம் முழுவதும், தொழிலாளி கடைசியாகப் பெற்ற முழு ஊதியத்தை நிர்வாகம் வழங்க வேண்டும். வேறெங்கும் வேலையில் இல்லை என அவர் பிரமாணப் பத்திரம் அளிக்க வேண்டும். நிர்வாகம் இறுதியில் வென்றாலும் இத்தொகையைத் திரும்பப் பெற முடியாது என்பதை டேனா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இப்பாதுகாப்புக்கு எல்லை உண்டு. முதல் தீர்ப்பில் தோற்றுத் தாமே மேல் நீதிமன்றம் செல்லும் தொழிலாளிக்கு இது பொருந்தாது. கடைசி ஊதியமே கணக்கில் கொள்ளப்படுவதால், வழக்கு நீள நீள விலைவாசிக்கு முன் அத்தொகையின் மதிப்பும் குறைகிறது.