மலைநாட்டுப் பாதையும் வண்டியின் முன்னச்சும்

மலைநாட்டுப் போக்குவரத்தின் வரலாற்றைக் கூறுவோர் பாதையைக் கூறுவர், புகைவண்டியைக் கூறுவர். பாதைக்கும் வண்டிக்கும் இடையில் நின்று அடிகளையெல்லாம் தாங்கும் வில்லைப் பற்றிக் கூறுவோர் அரியர். ஆயினும், ஹற்றன், நுவரெலியா மலைகளில் யார் எவ்வாறு பயணம் செய்தனர் என்பதை அந்த வில்லைக் கொண்டே அறியலாம்.

1848ஆம் ஆண்டில் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் நுவரெலியாவில் ஒரு குடியேற்றம் நிறுவ முற்பட்டார். அவர் தருவித்த புதிய குதிரை வண்டி, மலையேறும் வழியிலேயே பள்ளத்தில் உருண்டு நொறுங்கிற்று. தான் தப்பியது தெய்வச் செயல் என்று பணியாள் எழுதிய கடிதத்தைப் பேக்கர் தம் நூலில் வேடிக்கையாக எடுத்துக் காட்டுகிறார். குதிரைகளை நினைப்பவர்க்கு அதில் வேடிக்கை ஒன்றுமில்லை.

அக்காலத்தில் கோப்பியைக் கீழே கொண்டுசென்றது வில்லற்ற மாட்டு வண்டி. அச்சின் மேலே நேராகத் தட்டு. கல்லின் அதிர்ச்சி குறையாமல் சுமையைச் சென்றடையும். கோப்பி மூட்டைக்கு அதனால் தீங்கில்லை. 1867இல் கண்டிக்கும், 1884இல் ஹற்றனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் புகைவண்டி வந்தது. அப்போதும் நிலையத்திலிருந்து தோட்டத்துக்குச் செல்லும் வழி பழைய வழியாகவே இருந்தது. அந்த வழியை வென்றது பிற்காலத்து மோட்டார் வண்டியே.

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கர் ஜீப்பை வகுத்தனர். 1944இல் மவுண்ட்பேட்டனின் தலைமையகம் பேராதனையில் அமைந்தது. 1947இல் பிரித்தானியாவின் மோரிஸ் வில்க்ஸ், தம் பண்ணையில் ஓடிய ஜீப்பைக் கண்டு அதுபோன்ற ஒன்றைச் செய்ய எண்ணினார். 1948 ஏப்ரல் மாதம் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்த லாண்ட் ரோவரே அது. தேயிலை மலைகளிலும் அது விரைவில் பழகிய வண்டியாயிற்று.

இவ்வண்டிகளின் முன்பகுதி கவனிக்கத் தக்கது. பின் சக்கரம் தள்ளினாற் போதும். முன் சக்கரமோ சுமை தாங்கவேண்டும், திரும்பவேண்டும், இழுக்கவும் வேண்டும். அக்காலத்துச் சிறிய கார்களில் ஒவ்வொரு முன் சக்கரமும் தனித்தனியே அசையும் முறை பரவியிருந்தது. மலைவண்டியை வகுத்தவர்கள் அதனை ஏற்கவில்லை. ஒரே திண்ணிய அச்சை இரு சக்கரங்களுக்கும் குறுக்கே வைத்து, எஃகுப் பட்டைகளை அடுக்கிய வில்லை ஒவ்வொரு புறமும் இட்டனர். தனி அசைவு முறையில் வில் அமுங்கும்போது வண்டியின் அடிவயிறு நிலத்தை நெருங்கும். திண்ணிய அச்சு நிலத்திலிருந்து நிற்கும் உயரம் மாறுவதில்லை. கற்கள் துருத்தி நிற்கும் தோட்டப் பாதையில் இது பெரிய நன்மை. பட்டை வில் சுமையைத் தாங்குவதோடு அச்சையும் தன் இடத்தில் பிடித்து வைக்கிறது. ஒரு பட்டை முறிந்தால் கொல்லனும் மாற்றிவிடலாம்.

வண்டியை இன்னும் உயர்த்த விரும்பி, வில்லின் ஒரு முனையிலுள்ள ஊசற் கொளுக்கியை நீளமாக்குவோர் உண்டு. அப்படிச் செய்தால் அச்சு சிறிது சுழன்று, சக்கரம் திரும்பும் அச்சாணியின் சாய்வு கெடும். வண்டி நேராக ஓட மறுத்து அலையும். கொண்டையூசி வளைவுகள் நிறைந்த இறக்கத்தில் இது உயிராபத்து. அதனால் அறிந்த தொழிலாளர் அச்சுக்கும் வில்லுக்கும் இடையே ஆப்பு வைத்துச் சாய்வைச் சரிப்படுத்துவர். உயரத்தை மட்டும் அளந்து முன்னச்சை வகுக்க முடியாது.

1970இல் வந்த ரேஞ்ச் ரோவரில் திண்ணிய அச்சு நீடித்தது. பட்டை வில்லின் இடத்தில் சுருள் வில் அமர்ந்தது. சுருள் வில் சுமையை மட்டுமே தாங்கும். அச்சு முன்பின் நகராதிருக்க இரு கைகளும், பக்கவாட்டில் வழுவாதிருக்கக் குறுக்குத் தண்டு ஒன்றும் தேவைப்பட்டன. வேலைக்குரிய லாண்ட் ரோவரும் 1983இல் சுருள் வில்லைப் பெற்றது. சவாரி மென்மையாயிற்று என்பது உண்மை. மலையிடை ஊரில், சிறு பட்டறை ஒன்றை மட்டும் நம்பி வண்டி ஓட்டியவனுக்குப் பழைய பட்டை வில்லே ஏற்றது என்று கூறுவதில் தவறில்லை.

துரைமாரின் வண்டிக்கு இத்தனை ஆராய்ச்சி. தொழிலாளரைச் சுமந்ததோ கொழுந்து லொறி. லயங்களிலிருந்து பெருந்தெருவுக்கு நெடுந்தூரம். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணையும் காய்ச்சலுற்ற குழந்தையையும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல அதுவே கிடைக்கும் தோட்டங்கள் பல இருந்தன. இங்கே வில்லின் இயல்பை நோக்க வேண்டும். வில்லின் வலிமை, அது தாங்கவேண்டிய பாரத்தைக் கொண்டு தீர்மானிக்கப்படுகிறது. தொன் கணக்கில் பாரம் ஏறினால் லொறியின் வில் இதமாக வளையும். பாரம் குறைந்தால் அது கட்டைபோல் விறைத்து நிற்கும். ஒவ்வொரு குழியும் மேலே இருப்பவரைத் தூக்கி எறியும். கொழுந்து நிறைந்த லொறி அசைந்து இறங்கிய அதே பாதையில், இரண்டு மூன்று பேரோடு ஒரு நோயாளியை ஏற்றிய லொறி குலுங்கிக் குலுங்கி இறங்கியது. அந்த வில் கொழுந்தின் எடைக்கு வகுக்கப்பட்டது.