செட்டிநாட்டுச் சுவருக்குள் ஒரு கடுக்காய்

"போலீசாருக்குக் கடுக்காய் கொடுத்துவிட்டுக் கைதி ஓட்டம்" என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். நம் வகுப்பில் பாதிப் பேருக்குக் கடுக்காய் என்றால் இந்தத் தலைப்புச் செய்திதான் ஞாபகம் வரும். மீதிப் பேருக்கு, ராத்திரி படுக்கப் போகும் முன் பாட்டி வெந்நீரில் கலக்கி, மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்த துவர்ப்புப் பொடி. எனக்கு அது ஒரு சுவர்.

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் பழைய வீடுகளைச் சுற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காட்டுகிறவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவார். தூண் பர்மாத் தேக்கு, தரை இத்தாலி மார்பிள், கண்ணாடி பெல்ஜியம். கடைசியில் கண்ணாடி மாதிரி வழுக்கும் வெள்ளைச் சுவரைத் தடவிப் பார்த்து "இது எப்படி?" என்று யாராவது கேட்பார்கள். "முட்டை வெள்ளைக்கரு" என்று பதில் வரும். உடனே எல்லோரும் எத்தனை ஆயிரம் முட்டை, எத்தனை கோழி என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். கடுக்காயின் பேச்சே வராது. அந்த வீடே நமக்குக் கடுக்காய் கொடுத்துவிடுகிறது!

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த வீடுகளில் பெரும்பாலானவை 1850களுக்கும் 1940களுக்கும் இடையில் கட்டப்பட்டவை. பர்மா, மலாயா, இலங்கை என்று வட்டித் தொழிலுக்குப் போன நகரத்தார்கள் அனுப்பிய பணம். சுவரில் பூசியது சிமெண்ட் அல்ல, சுண்ணாம்பு. கடல் சிப்பியைச் சுட்டு, நீற்றி, மணலோடு சேர்த்து அரைப்பார்கள். அதில் ஊற்றியது வெறும் தண்ணீர் இல்லை. கடுக்காயை உடைத்து, வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்துத் தண்ணீரில் பல நாள் ஊறப் போடுவார்கள். அது நுரைத்துப் புளித்து ஒரு வாடை வீசும். அந்தத் தண்ணீரை வடித்துத்தான் சுண்ணாம்பைக் குழைப்பது. முதலில் கரடான பூச்சு, அதன் மேல் கொஞ்சம் நைசானது, அதன் மேல் இன்னும் நைசானது என்று அடுக்கடுக்காகப் போகும். முட்டை வெள்ளைக்கரு வருவது கடைசி மெருகுப் பூச்சில்தான். பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள்.

கடுக்காய் என்ன செய்கிறது? சுண்ணாம்பு இறுகுவதற்கு அவசரப்படாத பொருள். காற்றிலுள்ள கரியமில வாயுவை மெதுவாக உறிஞ்சி மறுபடியும் கல்லாக மாறும். நம் ஊர் வெயிலில் அதற்குள் ஈரம் காய்ந்துவிட்டால் வெடிப்பு விழும். கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணம் டானின். அது கலவை இறுகுவதைத் தாமதப்படுத்தி, குறைந்த தண்ணீரிலேயே வெண்ணெய் போலக் குழைய விடுகிறது. வெல்லத்தின் சர்க்கரை சுண்ணாம்பைத் தண்ணீரில் அதிகமாகக் கரைய வைக்கிறது. இன்றைக்கு ரெடிமிக்ஸ் லாரியில் கான்கிரீட்டோடு சேர்க்கிறார்களே லிக்னோசல்பனேட், அதுவும் மரக்கூழிலிருந்து வருவதுதான், செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். நம் கொத்தனார் அதைக் குடத்தில் ஊற வைத்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இது செட்டிநாட்டுக்காரர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. செயிண்ட் ஹெலினா தீவின் கவர்னர் ஐசக் பைக் என்பவர், மெட்ராஸில் நல்ல காரை எப்படிச் செய்கிறார்கள் என்று எட்மண்ட் ஹாலிக்கு (ஆமாம், வால்நட்சத்திரத்துக்குப் பேர் வந்த அதே ஹாலிதான்) எழுதி அனுப்பினார். அது 1732-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. மணல், சுண்ணாம்பு, வெல்லம், ஒருவகைப் பயறு, கூடவே கடுக்காய்! செட்டிநாட்டுப் பெரிய வீடுகளுக்கு வானம் தோண்டுவதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முந்திய கதை இது. பிறகு வந்த மெட்ராஸ் டெரஸ் மாடித் தளத்திலும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். வெள்ளைக்கார என்ஜினியர்கள் கடுக்காயை 'கால்நட்' என்று எழுதிவைத்தார்கள். அது தப்பு. கால்நட் என்பது நம் மாசிக்காய், ஓக் மரத்தில் பூச்சி கடித்து உண்டாகும் முடிச்சு. கடுக்காய் அசல் பழம். வேடிக்கை என்னவென்றால் கடுக்காய் மரத்திலும் பூச்சி கடித்து இலையில் முடிச்சு வரும். மஞ்சள் சாயத்துக்குப் பயன்பட்ட அதற்கு நாம் வைத்த பெயர் 'கடுக்காய்ப் பூ'. அது பூவே இல்லை. ஆக, பெயர் விஷயத்தில் நாமும் ஒன்றும் ஒழுங்கில்லை!

மரம் அப்படிப்பட்டது. ஒரு மரத்தைப் போல இன்னொன்று இருக்காது. ஓரிடத்தில் இலையின் அடியில் ரோமம், இன்னோரிடத்தில் மொழுமொழு. காய் ஒன்று நீளம், ஒன்று முட்டை வடிவம், ஒன்று ஏறக்குறைய உருண்டை. ஸ்வீடன் தாவரவியலாளர் ரெட்சியஸ் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதற்கு 'டெர்மினாலியா செபுலா' என்று பெயர் வைத்தார். செபுலா என்பது காபூல் என்ற ஊர்ப் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். காய் மேற்கே போன பாதை காபூல் வழி, அதனால் அந்த முத்திரை. பாவப்பிரகாசம் என்ற ஆயுர்வேத நூல் கடுக்காயை ஏழு வகையாகப் பிரிக்கிறது. அரபு நாட்டு வைத்தியத்திலும் ஐரோப்பாவிலும் கறுப்பு, மஞ்சள், காபூலி என்று வெவ்வேறு மருந்துகளாக விற்றார்கள். உண்மையில் ஒன்று பிஞ்சு, ஒன்று பாதி முற்றியது, ஒன்று நன்றாக முற்றியது. தோல் பதனிட இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோதும் பீம்லி, ஜபல்பூர், ராஜ்பூர் என்று ஊர் வாரியாகத் தரம் பிரித்து விலை வைத்தார்கள். டானின் அளவு இடத்துக்கு இடம், முற்றலுக்கு முற்றல் மாறும் என்பதால் அந்தப் பிரிவினையில் நியாயம் உண்டு.

டானினைக் கண்ணால் பார்க்க ஆசையா? நாட்டு மருந்துக் கடையில் நாலு கடுக்காய் வாங்கி உடைத்து, ஒரு துருப்பிடித்த ஆணியோடு தண்ணீரில் போட்டு வையுங்கள். மறுநாள் மை! அந்தக் காலத்தில் மை செய்ததும் இப்படித்தான். கலம்காரித் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்ததில் நனைத்துவிட்டு இரும்புக் கரைசலால் கோடு இழுத்தால் கறுப்பாக நிற்பதும் இதே சங்கதிதான். (வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு செய்ய வேண்டாம். அனுபவம்.)

இவ்வளவு பெரிய பண்டம் செட்டிநாட்டில் விளைவதில்லை. நம்முடையது செம்மண் பொட்டல். கடுக்காய் கொல்லிமலை, கல்வராயன், ஜவ்வாது மாதிரியான மலைக்காடுகளில் வளர்வது. அங்கே மலைவாழ் மக்கள் பொறுக்கிச் சேர்த்துக் கீழே இறக்கிய சரக்கு. பர்மாத் தேக்குக்கு ஒரு பெருமைக் கதை இருக்கிறது. இந்தக் காய்க்கு இல்லை.

அந்தக் கதைக்கு ஒரு விலையும் உண்டு, அதுதான் என்னை உறுத்துகிறது. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததோடு வரவு நின்றது. வீடுகள் பங்காளிகளுக்குள் பிரிந்து, பூட்டிக் கிடந்து, பல இடிந்தன, பலவற்றை இடித்தார்கள். இடிக்கும்போது தேக்குத் தூணும் நிலையும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துவிடும். சென்னை, பெங்களூர் பங்களாக்களுக்குப் போகும். சுவரை யாரும் வாங்க முடியாது. அது லாரியில் ஏறி ஏதாவது பள்ளத்தை நிரப்பும். 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தன. பட்டியல் சுவரை ஒட்டிப் பிடித்துக்கொள்ளாதே.

இடிக்காத வீட்டில் நடப்பது இன்னும் மோசம். ஓரிடத்தில் பூச்சு உதிர்ந்தால் சிமெண்டை அப்பிவிடுகிறார்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அதை அடைத்துவிடுவதால் ஈரம் பக்கத்தில் வழி தேடி, நன்றாக இருந்த நூறு வருஷப் பூச்சையும் பெயர்த்துக்கொண்டு வருகிறது. அடுத்த வருஷம் அங்கேயும் சிமெண்ட். இப்படியே நாலைந்து வருஷத்தில் ஒரு முழுச் சுவர் போய்விடும்.

கடுக்காய் ஊற வைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய வீட்டை ஓட்டலாக மாற்றுகிற இடங்களிலும் பாரம்பரியக் கட்டடப் பழுதுபார்ப்பு வேலைகளிலும் அவர்களைத் தேடிப் பிடித்துக் கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். எத்தனை நாள் ஊற வேண்டும் என்று கேட்டால் "வாடை சொல்லும் தம்பி" என்பார்கள். உங்கள் வீட்டிலோ பாட்டி வீட்டிலோ அப்படி ஒரு சுவர் இருந்தால், அடுத்த தடவை சிமெண்ட் மூட்டை இறங்குவதற்கு முன்னால் அவர்களில் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள்.