சீரேன் ஊர் சீமோனும் நம் ஊர் மாட்டுவண்டியும்

(வானொலி மறையுரை)



தவக்காலத்தில் சிலுவைப்பாதையின் ஐந்தாம் நிலையில் நாம் முழந்தாளிடும்போது, வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மனிதரை நினைவுகூர்கிறோம். சீரேன் ஊர் சீமோன். உரோமைப் படைவீரர்கள் அவரைப் பிடித்து ஆண்டவரின் சிலுவையைச் சுமக்க வைத்தார்கள். எந்த உரிமையில் பிடித்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. அது அன்றைய நடைமுறை. படைவீரன் ஒருவன் வழியில் கண்ட ஆளையோ கழுதையையோ நிறுத்திச் சுமை ஏற்றலாம். மலைப்பொழிவில் ஆண்டவர் ஒரு கல் தொலையைப் பற்றிப் பேசியதும் இந்த வழக்கத்தை மனத்தில் வைத்துத்தான்.

உரோமைப் படையின் அமைப்பைச் சற்றுப் பார்ப்போம். எட்டு வீரருக்கு ஒரு கூடாரம். அதைச் சுமக்க ஒரு கோவேறு கழுதை. பத்துக் கூடாரம் சேர்ந்தால் ஒரு நூற்றுவர் பிரிவு. நற்செய்தியில் வரும் நூற்றுவர் தலைவரின் கீழ் இருந்தவர்கள் பெயருக்குத்தான் நூறு, கணக்குக்கு ஏறக்குறைய 80 பேர். ஆறு பிரிவு சேர்ந்தால் ஒரு பட்டாளம். பத்துப் பட்டாளம் சேர்ந்தால் சுமார் 5000 பேர் கொண்ட இலேகியோன். இத்தனை பேருக்கும் தினமும் கோதுமை வேண்டும், விலங்குகளுக்குத் தீனி வேண்டும். சீமோனைப் பிடித்த கை அந்தப் பெரிய தேவையின் ஒரு விரல்தான்.

உரோமையர் நம் கரைக்கு வந்தது வணிகத்துக்காக. அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில், அரிக்கமேட்டில், 1945-இல் தோண்டி எடுத்த மதுச்சாடிகளே அதற்குச் சாட்சி. அவர்களுடைய படை இங்கே வரவில்லை. வேறு படைகள் வந்தன. அவை நடந்தது வில்லியனூர், பாகூர் வயல்வெளிகளில். தின்றது நம் முன்னோரின் நெல்லை.

1749-இல் சண்டா சாகிப் பிரெஞ்சுக்காரருக்கு 81 கிராமங்களை அளித்தார். வில்லியனூர், பாகூர் சுற்றுவட்டாரக் கிராமங்களே அவை. கவர்னர் துய்ப்ளே வெறும் பெருமைக்காக அவற்றைப் பெற்றுக்கொள்ளவில்லை. கடற்கரையில் எவ்வளவு பெரிய கோட்டை கட்டினாலும் அதற்குள் நெல் விளையாது.

அவருடைய படையில் ஐரோப்பியர் சில நூறு பேர்தான். மற்றவர்கள் சிப்பாய்கள். ஏறத்தாழ நூறு பேருக்கு ஒரு கம்பெனி. அதன் தலைவர் சுபேதார். அவருக்குக் கீழே ஜமேதார், ஹவில்தார், நாயக். ஆங்கிலேயரும் பிறகு இதே வழியில் சென்றார்கள். நூற்றுவர் தலைவர் என்ற பதவி ஆயிரத்தெழுநூறு ஆண்டு கழித்து சுபேதார் என்ற பெயரில் நம் வயல்வரப்பில் வந்து நின்றது என்று சொன்னால் அது பெரிய மிகை ஆகாது.

1752-இல் பாகூர்ச் சண்டை நடந்தது. ஆங்கிலத் தளபதி லாரன்ஸ் அஞ்சி ஓடுவதுபோல் பாகூர்ப் பக்கம் பின்வாங்கினார். துய்ப்ளேயின் உறவினரான கெர்ஜான் தன் படையோடு துரத்திக்கொண்டு வந்தார். விடியும் முன் லாரன்ஸ் திரும்பித் தாக்கினார். கெர்ஜானே சிறைப்பட்டார். வரலாற்று நூல்கள் இதோடு முடித்துவிடும். நாம் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஒரு சிப்பாய்க்கு நாளுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அரிசி என்று வைத்தால், 1500 பேருக்கு நாளுக்கு 20 மூட்டை. ஒரு மாதத்துக்கு 600 மூட்டை. பொதிமாட்டின் மேல் ஏற்றினால் 600 மாடு. பீரங்கி இழுக்கும் மாடு, கூடாரம் சுமக்கும் மாடு, சமையல்காரர், புல் அறுப்பவர், கடைக்காரர் எல்லாம் இதற்கு மேல். படை எங்கே தங்கியதோ அந்த ஊரில் அடுத்த பருவத்துக்கு ஏர் பூட்ட மாடு மிஞ்சியிருக்குமா?

இந்தக் கணக்கைப் போடத் தவறிய ஒரு தளபதியின் கதைதான் அடுத்து வருகிறது.

1758 ஏப்ரல் 28-இல் லாலி புதுச்சேரியில் வந்து இறங்கினார். வீரர்தான், நேர்மையானவர்தான், ஆனால் பொறுமை சிறிதும் இல்லாதவர். இறங்கிய அன்று இரவே கூடலூரைப் பிடிக்கத் தம் ஆட்களை அனுப்பினார். உணவு ஏற்பாடு இல்லை. வழிகாட்டிகளும் சரியாக இல்லை. அவர்கள் வழி தவறிப் பசியோடு போய்ச் சேர்ந்தார்கள். பசித்த படை வழியில் உள்ள கிராமத்தில் என்ன செய்யும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. பிறகு தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையை முற்றுகையிடப் பீரங்கிகளும் குண்டுகளும் போக வேண்டும், மாடுகள் போதவில்லை. லாலி மக்களைப் பிடித்து இழுக்கவும் சுமக்கவும் வைத்தார். சாதி எதையும் பார்க்கவில்லை. உயர்ந்த சாதியார் என்று கருதப்பட்டவர்களும் சுமந்தார்கள்.

இதைப் பற்றி எழுதியவர்கள் அந்த உயர்ந்த சாதியாரின் அவமானத்தையே பெரிதாக எழுதினார்கள். அதற்கு முன்னும் பின்னும் நாள்தோறும் சுமந்த கூலிகளின் தோளைப் பற்றி யாரும் அவ்வளவு வருந்தவில்லை. அந்தக் கூலிகளில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த வகையில் சீரேன் ஊர் சீமோன் கொடுத்து வைத்தவர்.

கோட்டை 1758 ஜூனில் லாலியிடம் விழுந்தது. ஆனால் மக்கள் மனம் அவரை விட்டு விலகிவிட்டது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் அயர் கூட் அவரைத் தோற்கடித்தார். அதற்குப் பின் கூட் செய்தது பொறுமையான வேலை. புதுச்சேரிக்கு அரிசி வரும் ஊர்களை ஒவ்வொன்றாகப் பிடித்தார்: காரைக்கால், வழுதாவூர், சிதம்பரம். மேற்கே எஞ்சிய காவல் வில்லியனூர்க் கோட்டை. மைசூரிலிருந்து ஹைதர் அலி அனுப்பிய குதிரைப்படை மாடுகளையும் அரிசியையும் ஓட்டி வந்தபோது, கதவு திறந்துவிட்டது என்றே புதுச்சேரி நம்பியது. அந்த ஜூலை மாதத்திலேயே வில்லியனூர்க் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதைக் காப்பாற்றப் புறப்பட்ட லாலி காலம் கடந்து வந்தார். மைசூர்ப் படையும் திரும்பிப் போயிற்று. செப்டம்பரில் நகரைச் சுற்றியிருந்த முள்வேலி அரணும் விழுந்தது.

நவம்பர் 27-ஆம் நாள், கோட்டையில் அரிசி குறைந்துபோனதால், லாலி நகரத்துத் தமிழ் மக்களை வெளியேற்றினார். ஆணும் பெண்ணும் குழந்தையும் முதியவருமாக 1400 பேர். ஆங்கிலக் காவலர்கள் அவர்களைத் தங்கள் வரிசையைத் தாண்ட விடவில்லை. திரும்பிக் கோட்டை வாயிலுக்கு வந்தால் அங்கிருந்து சுட்டார்கள். இரண்டு படைகளுக்கும் நடுவே, புல்லின் வேரைத் தோண்டித் தின்று, எட்டு நாள் கிடந்தார்கள். பிறகுதான் கூட் வழி விட்டார். எட்டு நாள் கழித்து இரங்க முடிந்தவருக்கு முதல் நாளே இரங்க முடியாமல் போனது ஏன் என்ற கேள்வி நம் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. அவர்களில் நம் திருச்சபையின் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள்.

1761 புத்தாண்டு நாளில் பெரும் புயல் அடித்து ஆங்கிலக் கப்பல்களைச் சிதறடித்தது. கடல்வழி திறந்தது. படகில் உணவு அனுப்புங்கள் என்று லாலி கடிதம் எழுதினார். படகு வருவதற்குள் ஆங்கிலக் கப்பல்கள் திரும்பிவிட்டன. ஜனவரி 16-இல் நகரம் பணிந்தது. இத்தனையையும் நாள்தோறும் குறித்து வைத்த ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாள் முன்புதான் கண்ணை மூடியிருந்தார். வென்றவர்கள் நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். நம் சம்பா கோவிலும் தப்பவில்லை. இன்றைய ஆலயம் 1791-இல் எழுந்தது. பாரிசுக்குத் திரும்பிய லாலியின் தலையை 1766-இல் வெட்டினார்கள்.

இந்தப் பாடத்தைப் பிரெஞ்சு அரசு மறக்கவில்லை போலும். 1783-இல் வெர்சாயில் உடன்படிக்கை எழுதியபோது, காரைக்காலுக்கு நான்கு மாகாணங்களும், புதுச்சேரிக்கு வில்லியனூர், பாகூர் என்ற இரண்டு பகுதிகளும் சேர வேண்டும் என்று பெயர் சொல்லியே கேட்டு வாங்கியது. துண்டு துண்டாகக் கிடக்கும் அந்த எல்லைதான் இன்றும் நம் எல்லை. பாகூரிலிருந்து பேருந்தில் நகரத்துக்கு வரும்போது நடுவே தமிழ்நாட்டுப் பலகை வந்து போகிறதல்லவா, அது இதனால்தான்.