மகாபொல நின்ற பிறகு என்ன?



நம் பிள்ளை ஒன்று கெம்பஸ் போனால் ஊரே சந்தோஷப்படுகிறோம். பட்டம் முடித்ததும் "எங்கே வேலை?" என்றுதான் கேட்கிறோம். "கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறாயா?" என்று கேட்பவர் குறைவு. இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1870இல் பொன்னம்பலம் அருணாசலம் அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் போனார். அன்று நாட்டின் பெரிய ஏற்றுமதி கோப்பி. அதைப் பறித்தவர்கள் இந்த மலைகளில் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் கடமையைத் துரைமார் மேல் சுமத்திய சட்டம் வந்தது 1907இல். அதுவும் 6 முதல் 10 வயது வரைக்கும் மட்டும்.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1948இல் பிரஜாவுரிமையும் பறிபோனது. 1970களில்தான் அரசு நம் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. மற்றவர்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது நாம் லயத்துப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு நின்றோம்.

1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் மகாபொல நிதியம் அமைந்தது. 2025இல் மாதத் தொகை 5000 ரூபாவிலிருந்து 7500 ஆனது. நல்ல உதவிதான். ஆனால் அது முதல் பட்டத்துக்கு மட்டும். அதற்கு மேல் படிக்க அரசு தரும் பணம் பெரும்பாலும் ஏற்கனவே விரிவுரையாளராக நியமனம் பெற்றவர்களுக்கே போகிறது. மற்றவர்களுக்குத் தேசிய விஞ்ஞான மன்றம் போன்ற நிறுவனங்களின் ஆய்வு நிதியில் கிடைக்கும் சில இடங்கள்தான் வழி.

பட்டத்துக்கும் நியமனத்துக்கும் இடையில் ஓரிரு வருடங்கள் தற்காலிக வேலையில் காத்திருக்க வேண்டியிருக்கும். வசதியான வீட்டுப் பிள்ளை காத்திருக்கும். கொழுந்து பறித்துப் படிக்கவைத்த அம்மாவின் பிள்ளை, கையில் கிடைத்த முதல் வேலைக்குப் போய்விடும். திறமை இருந்தும் நாம் இழப்பது இந்த இடத்தில்தான்.

இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் அரசாங்கப் புலமைப்பரிசிலில் கேம்பிரிட்ஜ் சென்றவர். தான் பெற்றதோடு நிற்கவில்லை. 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கி, வசதியற்ற மாணவர்களுக்குக் கைகொடுத்தார். அரசு தருவது போதாத இடத்தில் சமூகம் தோள் கொடுக்கலாம் என்று காட்டினார்.

நாமும் செய்யலாம். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பழைய மாணவர் சங்கம், கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, முதல் வகுப்பில் சித்தியடைந்த ஒரே ஒரு பிள்ளையை ஒரு வருடம் தாங்கினால் போதும். அரசிடம் ஆய்வு நிதியைக் கூட்டச் சொல்லிக் கேட்பதையும் நிறுத்தக்கூடாது.

உங்கள் தோட்டத்தில் இப்போது பட்டம் முடித்த பிள்ளைகள் யார் என்று விசாரியுங்கள். வேலை தேடும் முன்பு அவர்களோடு ஒரு தடவை பேசுவோம்.