தங்கவயலின் ஆழத்தில் ஒளிர்ந்த குழாய்கள்

கோலார் தங்கவயல் என்றதும் நம் நினைவுக்கு வருவது பொன். அப்பொன்னை எடுக்க வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து மைசூர் நாட்டிற்குச் சென்று, தலைமுறை தலைமுறையாக நிலத்தினடியில் உழைத்த தமிழர் பல்லாயிரவர். அவர்கள் தோண்டிய ஆழத்தில் பொன்னினும் அரியதொன்றை அறிவியலார் தேடிப் பெற்றனர் என்பதைப் பலர் அறியார்.

விண்ணிலிருந்து காஸ்மிக் கதிர்கள் ஓயாது பொழிகின்றன. அவை காற்று மண்டலத்தில் மோதும்போது மியூயான், நியூட்ரினோ முதலிய துகள்கள் தோன்றுகின்றன. நியூட்ரினோ பூமியையே ஊடுருவிச் செல்ல வல்லது. எப்போதேனும் பாறையில் மோதினால் அது ஒரு மியூயானைப் பிறப்பிக்கும். மேலிருந்து பொழியும் எண்ணற்ற மியூயான்களிடையே அந்த ஒன்றை இனங்காண்பது எங்ஙனம்? பாறையையே வடிகட்டியாகக் கொள்வதுதான் வழி.

1960களின் தொடக்கத்தில், பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் தம் கருவிகளைப் பல ஆழங்களில் வைத்துச் சோதித்தனர். ஆழம் மிக மிக, மியூயான்களின் எண்ணிக்கை குறைந்தது. ஏறத்தாழ 2,700 மீட்டர் ஆழத்தில் இரண்டு மாதங்கள் காத்திருந்தும் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. பிறர் தோல்வி எனக் கருதக்கூடிய அந்த அமைதியே அவர்கள் நாடிய விடையாயிற்று. நியூட்ரினோவைத் தேட இதைவிடத் தக்க இடம் ஏது?

ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் உடன் சேர்ந்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில், நியான் வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய்களை அடுக்கடுக்காக அமைத்தனர். இரு பக்கங்களிலும் துகள் பட்டால் மின்னும் பிளாஸ்டிக் பலகைகள் நின்றன. துகளொன்று குறுக்கே பாய்ந்தால் அப்பலகைகள் செய்தி தரும். உடனே குழாய்களுக்கு மிகு மின்னழுத்தம் ஏற்றப்படும். துகள் சென்ற குழாய்கள் மட்டும் ஒளிரும். அவ்வொளிக்கோட்டைப் புகைப்படக் கருவி பதிவு செய்யும்.

அவ்வாழத்திலும் மேலிருந்து மியூயான் சில இறங்கும். ஆனால் பக்கவாட்டில் பாறையின் தடிப்புப் பன்மடங்கு. அவ்வழியே எந்த மியூயானும் நெடுந்தொலைவு கடந்து வாராது. ஆகவே கிடையாக ஒளிரும் தடம், அருகிலுள்ள பாறையில் நியூட்ரினோ பிறப்பித்ததாகவே இருத்தல் வேண்டும். 1965 ஆம் ஆண்டில் அத்தகைய தடங்கள் கிடைத்தன. காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவைக் கண்டதாக அக்குழுவினர் அவ்வாண்டே உலகிற்கு அறிவித்தனர். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் மற்றொரு குழுவினரும் அதே ஆண்டில் இவ்வாறே கண்டனர்.

2001 ஆம் ஆண்டில் கோலார்ச் சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன்னுக்காக உழைத்தவர் கைகள் அகழ்ந்த அவ்வாழம் இல்லையேல், அக்குழாய்கள் சொன்ன செய்தியை நம்ப யாதொரு சான்றும் இருந்திராது. வெளி மாநிலத்தில் வாழும் நம்மவர் இதனைத் தம் மக்களுக்குச் சொல்லுதல் தகும்.