வ.உ.சி.யின் கடை பாக்கி

வ.உ.சி. தன் கடைசி நாட்களில் எழுதிய உயிலைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். கடன் பட்டியல். ஜவுளிக்கடைக்குப் பாக்கி, எண்ணெய்க்கடைக்குப் பாக்கி, குடியிருந்த வீட்டுக்கு வாடகை பாக்கி. கப்பல் ஓட்டிய மனுஷனுக்கு இந்த நிலைமையா என்று நமக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். மேடைப் பேச்சும் அதோடு முடிந்துவிடும்.

நானும் பல வருஷம் அப்படித்தான் படித்தேன். சமீபத்தில் திரும்பப் படிக்கும்போது வேறு ஒரு கேள்வி வந்தது. சரி, அந்த எண்ணெய்க்கடைக்காரர் என்ன பண்ணியிருப்பார்?

கிண்டலாகக் கேட்கவில்லை. அது 1936, தூத்துக்குடி. பெருமந்தம் தொடங்கி ஏழு வருஷம் ஆகியும் விலைகள் பழைய நிலைக்குத் திரும்பாத காலம். பெரிய வருமானம் இல்லாத ஒரு வக்கீல் வீட்டுக்கு எண்ணெய் போய்க்கொண்டிருந்தது, கணக்கு நோட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கடைக்காரர் இப்படி ஒரே ஒரு வீட்டுக்கா கொடுத்திருப்பார்? தெருவில் எத்தனை வீடோ! அந்த உயிலை ஒரு தேசத்தலைவரின் வறுமைக்குச் சாட்சியாகப் படிக்கலாம். ஒரு சின்னக் கடையின் வரவேண்டிய பாக்கிப் பட்டியலில் ஒரு வரியாகவும் படிக்கலாம். இந்தக் கட்டுரை இரண்டாவது வழியில் படித்துப் பார்த்தது.

விட்டு விட்டு வரும் காசு

தூத்துக்குடிப் பக்கம் பிழைப்பு என்பது மாதச் சம்பளம் மாதிரி ஒழுங்காக வருவதில்லை. என்றைக்குமே அப்படித்தான்.

முத்துக்குளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சலாபம் நடக்கும் வருஷத்தில் கடற்கரையில் திடீரென்று ஒரு ஓலைக்கொட்டகை ஊர் முளைக்கும், அதற்கு ஒரு கடைத்தெருவும் முளைக்கும். எடுத்த சிப்பியில் அரசுக்கு மூன்றில் இரண்டு பங்கு, குளியாளிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு. அரசுப் பங்கை ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் விடுவார்கள். குளியாளிகள் தங்கள் பங்கைச் சில்லறையாகவும் விற்பார்கள். சில வாரம் காசு புரளும். பிறகு கொட்டகையைப் பிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த சலாபம் அடுத்த வருஷமும் வரலாம், பத்து இருபது வருஷம் கழித்தும் வரலாம். கடைசியாக 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்தது. அதற்கப்புறம் இல்லை.

உப்பளமும் கிட்டத்தட்ட இதே கதைதான். அக்டோபரில் மழை இறங்கினால் பாத்தியில் வேலை இல்லை. பொங்கல் கழிந்து மறுபடி தொடங்கும்வரை கூலியும் இல்லை. விசைப்படகுகளுக்கு இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். தோணி வேலையும் காற்றையும் கடலையும் பொறுத்ததுதான்.

காசு விட்டு விட்டு வருகிறது. ஆனால் வயிறு தினமும் கேட்கிறது. நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்பியது யார்? தெருமுனைப் பலசரக்குக் கடைதான். "இன்று ரொக்கம், நாளை கடன்" என்று போர்டு தொங்கும். அந்த போர்டுக்குக் கீழே உட்கார்ந்துதான் அண்ணாச்சி கடன் நோட்டை எழுதுவார். கடன் கொடுக்காத கடைக்கு இந்த ஊரில் வியாபாரமே கிடையாது.

விலை குறைந்தால் கடை ஏன் சாகிறது?

பெருமந்தம் என்றால் பொருள் கிடைக்காத பஞ்சம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் நடந்தது நேர்மாறு. பொருள் இருந்தது, விலை விழுந்தது. சென்னை மாகாணத்தில் நெல், பருத்தி விலைகள் சில வருஷத்திலேயே ஏறத்தாழ பாதியாகிவிட்டன. விலை குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். கடைக்காரருக்கு அது விஷம்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். மண்டியில் ஒரு மூட்டை அரிசியை 10 ரூபாய்க்குத் தவணைக்கு எடுக்கிறார். இரண்டு மாதத்தில் சந்தை விலை 7 ரூபாய். அவரும் அதற்கு மேல் விற்க முடியாது. மண்டிக்குத் தரவேண்டியது மட்டும் அதே 10. விற்ற 7 ரூபாயிலும் பாதி, கையில் ரொக்கமாக வரவில்லை, நோட்டில் பற்றாக நிற்கிறது. வாங்கினவருக்கோ கூலி குறைந்துவிட்டது, இல்லையென்றால் வேலையே போய்விட்டது. ஆக, சரக்கு விற்றுத் தீர்ந்துவிட்டது, கூட்டமும் குறையவில்லை, ஆனாலும் கல்லா காலி.

நிலவரியும் வட்டியும் விலையோடு சேர்ந்து இறங்கவில்லை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணயமுறையை விட்டு வெளியேறியதும் தங்கத்துக்கு நல்ல விலை வந்தது. கிராமத்து வீடுகளில் இருந்த கம்மலும் காப்பும் சந்தைக்கு வந்து, உருகி, பம்பாய் வழியாகக் கப்பலேறின. இலங்கையில் ரப்பர், தேயிலை விலை விழுந்து தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் திரும்பி வந்தார்கள். கொழும்பு வருமானத்தை நம்பி நோட்டில் பற்று எழுதின கடைக்கு அதுவும் ஒரு அடி.

என் தொழிலில் இதற்கு ஒரு ஒப்புமை உண்டு. பெரிய சிஸ்டம் விழும்போது, ஒரு சர்வர் செத்ததால் மட்டும் எல்லாம் விழுவதில்லை. அதன் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்த மற்ற சர்வர்கள், காத்திருந்தே மூச்சுமுட்டி விழும். கடையும் அப்படித்தான். வாடிக்கையாளருக்காகக் கடை காத்திருக்கிறது. கடைக்காக மண்டி காத்திருக்கிறது. மண்டிக்காக லேவாதேவிக்காரர் காத்திருக்கிறார். பொறுத்துக்கொள்ளவே முடியாத ஒருவரிடம் வந்து சங்கிலி அறும். பெரும்பாலும் அது நடுவில் இருக்கிற, கையில் முதல் குறைவாக உள்ள, சின்னக் கடைதான்.

கல்லாவுக்கு இரண்டு பக்கமும்

இதையெல்லாம் வ.உ.சி.க்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவரே கல்லாவுக்கு இரண்டு பக்கமும் நின்று பார்த்தவர்.

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. சாதாரண வியாபாரியும் ஒன்றிரண்டு பங்காவது வாங்கட்டும் என்று வைத்த விலை மாதிரிதான் எனக்குப் படுகிறது. இன்னொரு தற்செயல், அதே மாதம்தான் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலாகி, நம்பிப் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது. அந்தச் சூழ்நிலையிலும் இங்கே பங்கு வாங்க ஆள் இருந்தது.

1908 மார்ச்சில் அவர் கைதானதும் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் கடைகள் அடைக்கப்பட்டன. வரலாற்றுப் புத்தகங்களில் இடம்பிடித்த கடையடைப்பு அது. எதிர்ப்புக்காக மூடின கடை மறுபடி திறக்கும். கடனால் மூடின கடை திறப்பதில்லை, எந்தப் புத்தகத்திலும் ஏறுவதும் இல்லை. கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. வ.உ.சி. அப்போது சிறையில். 25 ரூபாய் போட்ட எத்தனையோ பேரின் நஷ்டம் அவரவர் வீட்டுக்குள்ளேயே முடிந்துபோனது.

1912 டிசம்பரில் விடுதலை. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சென்னையில் கடை வைத்துப் பார்த்தார். அரிசி விற்றார், எண்ணெய் விற்றார். நிற்கவில்லை. அவருக்கு வியாபாரம் தெரியாது, இளகிய மனசு என்று பொதுவாகச் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் கையில் முதல் இல்லாமல், கடன் கேட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்பத் தெரியாமல் கடை நடத்தினால், இளகிய மனசு இல்லாதவருக்கும் அதே கதிதான்.

அந்தச் சென்னை நாட்களில்தான் 347 ரூபாய் 12 அணா விவகாரமும் வருகிறது. தென்னாப்பிரிக்க இந்தியர்கள் அவருக்காகத் திரட்டி காந்தியிடம் கொடுத்த பணம். அதற்காக 1915-16இல் காந்திக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினார். ஆ.இரா. வேங்கடாசலபதி இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வரவேண்டிய ஒரு தொகைக்காக மாதக்கணக்கில் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று வ.உ.சி.க்கு நன்றாகத் தெரியும் என்பதற்காக மட்டும் இதை இங்கே சொல்கிறேன்.

பிறகு வாலஸ் என்ற நீதிபதியின் தயவில் சன்னது திரும்பக் கிடைத்தது. நன்றியாக மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். கோவில்பட்டியில் வக்கீல் தொழில், 1932இல் மறுபடியும் தூத்துக்குடி. மந்தத்தின் நட்டநடுவில். கட்சிக்காரர்களிடமும் காசு இல்லாத காலம் அது.

தாங்கிப் பிடித்தது எது?

மந்தம் எல்லாக் கடையையும் விழுங்கவில்லை. ஏன் சில கடைகள் தப்பின?

ஒரு பதில் மகமை. தென்மாவட்ட நாடார் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை உறவின்முறைப் பொதுப்பணத்தில் சேர்த்து வந்தார்கள். பேட்டையும் சத்திரமும் கோயிலும் பள்ளிக்கூடமும் அதில் எழுந்தன. கொடுப்பவருக்கு வலிக்காத சின்னத் தொகைதான். ஆனால் நல்ல காலத்தில் சேர்ந்தது கெட்ட காலத்தில் கூட நின்றது. அதே பழக்கத்தின் அடுத்த படியாகத்தான் 1921 நவம்பரில் தூத்துக்குடியில் நாடார் வங்கி திறக்கப்பட்டது. 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. தலைமையகம் இன்றும் இதே ஊரில்தான். மந்தம் வருவதற்கு எட்டு வருஷம் முன்பே ஒரு வியாபாரிச் சமூகம் தனக்கென்று ஒரு வங்கியைக் கட்டி வைத்துக்கொண்டது.

இதை ரொம்பவும் மெச்சிக்கொள்ளவும் கூடாது. மகமை அந்தந்தச் சமூகத்தின் வேலிக்குள் இருந்த பாதுகாப்பு. வேலிக்கு வெளியே தனியாகக் கடை போட்டவருக்கு மனைவியின் நகைதான் மகமை.

உயிலில் இருக்கும் சட்டம்

இப்போது உயிலுக்குத் திரும்பலாம். கடை பாக்கிக்கு ஒரு ஆயுள் உண்டு. 1908ஆம் வருஷத்துக் காலவரம்புச் சட்டப்படி, தவணை எதுவும் பேசாமல் விற்ற சரக்கின் விலைக்கு மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். அதற்குள் போடாவிட்டால் கோர்ட்டில் அந்தக் கடன் செத்ததற்குச் சமம். ஆனால் அதே சட்டத்தின் 19ஆம் பிரிவில் ஒரு வழி இருக்கிறது. கெடு முடிவதற்குள் கடன்பட்டவர் 'ஆமாம், தரவேண்டியிருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கும். அதைக் கடன் கொடுத்தவருக்கே எழுத வேண்டும் என்றும் இல்லை. வேறு ஒருவருக்கு எழுதியதில் இருந்தாலும் போதும்.

வ.உ.சி. வக்கீல். இது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஜவுளிக்கடை, எண்ணெய்க்கடை என்று பெயர் சொல்லி பாக்கியை எழுதி வைத்தது வெறும் புலம்பல் இல்லை என்று நினைக்கிறேன். தான் போனபிறகு அந்தக் கடைக்காரர்கள் வெறுங்கையோடு நிற்கக்கூடாது என்று, நோட்டில் இருந்த அவர்கள் கணக்குக்குத் தன் பக்கத்திலிருந்து ஒரு சாட்சியைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். இது என் ஊகம்தான். ஆனால் ஒரு காலத்தில் கடை வைத்து நொடித்தவர் எழுதிய உயில் என்று நினைத்துப் படித்தால், இதைவிட இயல்பான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. 1936 நவம்பர் 18 அன்று அவர் காலமானார்.

எங்கள் தெரு நோட்டு

எனக்கு இந்தக் கேள்வி ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் ஸ்கூல் படிக்கும்போது, அப்பா வேலை பார்த்த இடத்தில் ஏழு மாதம் சம்பளம் வரவில்லை. ஏழு மாதமும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அம்மா தெருமுனைக் கடையில் போய், "அண்ணாச்சி, பொங்கலுக்குள்ள தந்துருதேன்" என்பார். "கெடக்கட்டும்மா, எங்க போயிரப் போகுது" என்பார் அவர். நீளமான நோட்டில் எங்களுக்கென்று தனிப் பக்கம். கடையைச் சாத்தும்போது எண் போட்ட பலகைகளை வரிசையாகச் செருகுவார். எட்டாம் நம்பர் பலகையை எடுத்துக்கொடுப்பது என் வேலை.

பிறகு எனக்கு வேலை கிடைத்தது, வீட்டில் வசதி வந்தது. மாதச் சாமான் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனது, அப்புறம் ஆப்புக்குப் போனது. அண்ணாச்சி கடையில் வாங்கினது அவசரத்துக்குக் கொத்தமல்லியும் தீப்பெட்டியும்தான். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றானபோது தெருவே அவரிடம் மறுபடி கடனுக்குப் போனது. 2020 ஊரடங்கிலும் அப்படித்தான். ரெண்டு தடவையும் நோட்டு நிறைந்தது, கல்லா நிறையவில்லை. 2021இல் கடையை மூடிவிட்டார்.

ஊருக்குப் போயிருந்தபோது அவரைப் பார்த்தேன். அந்த நோட்டையெல்லாம் என்ன பண்ணீங்க அண்ணாச்சி என்று கேட்டேன். பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டேன் என்றார். எங்க பாக்கி ஏதாவது இருந்துச்சா என்று கேட்க நினைத்தேன். அவர் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். எங்கள் வீட்டுப் பாக்கி பொங்கலுக்கே தீர்ந்துவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஏழு மாதம் அவர் மண்டியில் என்ன பதில் சொல்லிச் சமாளித்தார் என்பது மட்டும் இன்றுவரை தெரியாது. அன்றைக்காவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.